ஆலை வேலையும் பார்த்த விவசாயிக்கு ஓய்வூதியம்: எப்போது கேட்பது நல்லது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் நிலத்தை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்தும் சிறு விவசாயிகள் குறைவு. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-ல் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்த பிறகு, பல வீடுகளில் ஒருவராவது ஆலை வேலைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. பின்னர் திருமழிசையிலும் தொழிற்பேட்டை ஏற்பட்டது. ஷிப்டு முடிந்து வந்து கீரைப் பாத்திக்குத் தண்ணீர் கட்டுவதும், விடுமுறை நாளில் நாற்று நடவைப் பார்ப்பதும் இங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல.

இப்படி இரண்டு வேலையும் பார்த்தவர்களுக்கு முதுமைக் காலத்தில் ஒரு சிறு வருமானம் உறுதியாக உண்டு. அதுதான் தொழிலாளர் ஓய்வூதியம். ஆனால் அதை எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பலர் அவசரப்பட்டு இழந்துவிடுகிறார்கள். விதைப்புக்கும் அறுப்புக்கும் பருவம் இருப்பதுபோல இதற்கும் பருவம் உண்டு.

யாருக்கு இந்த ஓய்வூதியம்?

வருங்கால வைப்பு நிதி பிடித்தம் செய்யப்பட்ட தனியார் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1995 நவம்பர் 16 முதல் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து சம்பளத்தில் 8.33 சதவிகிதம் இதற்குப் போகிறது. மத்திய அரசு 1.16 சதவிகிதம் சேர்க்கிறது. தொழிலாளியின் சொந்தப் பங்கு முழுவதும் வைப்பு நிதிக் கணக்கிலேயே இருக்கும். எனவே வைப்பு நிதி வேறு, ஓய்வூதியம் வேறு. வைப்பு நிதிப் பணத்தை வாங்கிக்கொண்டாலும் ஓய்வூதிய உரிமை போய்விடாது. இந்த வேறுபாட்டை முதலில் மனதில் கொள்ள வேண்டும்.

அரசு ஊழியர்களாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களுக்கு விதிகள் தனி. இங்கே சொல்லப்படுவது தனியார் ஆலைகளிலும் பட்டறைகளிலும் வேலை பார்த்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

பத்து ஆண்டு என்னும் வரப்பு

மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுப் பணி வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் ஓர் ஆண்டாகக் கொள்ளப்படுவதால், ஒன்பதரை ஆண்டு முடித்தவருக்கும் பத்து ஆண்டு முடித்ததாகவே கணக்கு. ஒரே ஆலையில் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. மூன்று பட்டறைகளில் மும்மூன்று ஆண்டும், நான்காவதில் ஓர் ஆண்டும் வேலை பார்த்திருந்தாலும், இடையில் கணக்கை முடித்துப் பணம் வாங்காமல் இருந்தால் எல்லாம் ஒன்றாகச் சேரும்.

பலர் ஏமாறுவது இங்கேதான். வேலையை விடும்போது இரண்டு படிவங்களில் கையெழுத்து வாங்குவார்கள். 19-ம் எண் படிவம் வைப்பு நிதிப் பணத்துக்கு. 10-சி படிவம் ஓய்வூதியக் கணக்குக்கு. பத்து ஆண்டு முடியாதவர் 10-சி படிவத்தின் மூலம் ஒரு தொகையை வாங்கிக்கொண்டால், அத்தனை ஆண்டுப் பணியும் அழிந்துவிடும். அடுத்த ஆலையில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படி வாங்கி வாங்கியே இருபது ஆண்டு உழைத்தும் 58 வயதில் ஒன்றும் இல்லாமல் நிற்பவர்கள் உண்டு.

அதே 10-சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் 'திட்டச் சான்றிதழ்' வேண்டும் என்றும் கேட்கலாம். அதுவரை செய்த பணியை அந்தச் சான்றிதழ் காப்பாற்றி வைக்கும். பின்னர் எந்த ஆலையில் சேர்ந்தாலும் பழைய பணியைப் புதியதுடன் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மாதம் 14,000 ரூபாய்க்குப் பிடித்தம் செய்யப்படும் ஒருவர் ஒன்பது ஆண்டில் விலகிப் பணமாக வாங்கினால், ஒன்பது மாதச் சம்பளத்துக்குச் சற்று அதிகமாக, சுமார் 1,30,000 ரூபாய் கிடைக்கும். இன்னும் ஆறு மாதம் வேலை பார்த்திருந்தால் 58 வயதிலிருந்து மாதம் 2,000 ரூபாய் வீதம் ஆயுள் முழுவதும் கிடைக்கும். ஐந்தரை ஆண்டில் 1,30,000 ரூபாயும் திரும்பிவிடும். அதன் பிறகு வருவதெல்லாம் லாபமே. ஒன்பதாம் ஆண்டில் கணக்கை முடிப்பது, பால் பிடித்த நெல்லை அறுப்பதற்குச் சமம்.

தொகையைக் கணக்கிடும் முறை

கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி, 70-ஆல் வகுத்தால் வருவதே மாத ஓய்வூதியம். பிடித்தத்துக்கு உட்பட்ட சம்பளம் மட்டுமே கணக்கில் வரும். 20 ஆண்டு முடித்தவருக்கு 2 ஆண்டு கூடுதலாகச் சேர்க்கப்படும்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஓய்வூதியத்துக்கான சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பர் 1 முதல் 6,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்ந்தது. எனவே அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பழைய உச்சவரம்பின்படியும், பிந்தைய ஆண்டுகளைப் புதிய உச்சவரம்பின்படியும் தனித்தனியாகக் கணக்கிடுவார்கள். கையில் வரும் தொகை எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஐம்பதிலா, ஐம்பத்தெட்டிலா?

முழு ஓய்வூதியத்துக்குரிய வயது 58. ஆனால் 50 வயது முடிந்து, பிடித்தம் உள்ள வேலையில் இல்லாதவர் முன்கூட்டியே கேட்கலாம். வயலில் வேலை செய்வதும், நிலத்திலிருந்து வருமானம் வருவதும் இதற்குத் தடையல்ல. முந்திக் கேட்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவிகிதம் குறையும். இந்தக் குறைப்பு ஆயுள் முழுவதும் நிற்கும். 58 வயது வந்ததும் முழுத் தொகையாக மாறிவிடும் என்று சிலர் நினைப்பது தவறு.

1975-ல் பிறந்த ஒருவர் 2015 முதல் பத்து ஆண்டு வேலை பார்த்து, 14,000 ரூபாய்ச் சம்பளத்தில் விலகினார் என்று வைத்துக்கொள்வோம். 2033-ல் 58 வயதாகும்போது அவருக்கு மாதம் 2,000 ரூபாய். ஐம்பது வயதிலேயே கேட்டால் சுமார் 1,400 ரூபாய். மாதம் 600 ரூபாய் குறைவு. ஆனால் 58 வயதுக்குள் அவர் கையில் 1,30,000 ரூபாய்க்கு மேல் வந்து சேர்ந்திருக்கும். பொறுத்திருந்தவர் மாதம் 600 ரூபாய் வீதம் அதிகம் வாங்கி அந்தத் தொகையை எட்டிப் பிடிக்க அவருக்கு ஏறத்தாழ 75 வயதாகிவிடும்.

ஆகவே முந்திக் கேட்பது முட்டாள்தனம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. குடும்ப நிலையைப் பொறுத்தே முடிவு செய்ய வேண்டும்.

வேலை போய்விட்டது, உடல்நிலை சரியில்லை, மாதச் செலவுக்கு நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்றால், முந்திக் கேட்பதே மேல். அந்த வட்டி ஆண்டுக்கு 36 ரூபாய் ஆகிறது. ஓய்வூதியத்தில் குறைவதோ ஆண்டுக்கு 4 சதவிகிதம்.

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கீரையோ காய்கறியோ விற்று வீட்டுச் செலவு நடக்கிறது, பெற்றோர் நீண்ட ஆயுளுடன் இருந்த குடும்பம் என்றால், 58 வரை பொறுப்பது நல்லது. இந்த ஓய்வூதியத்துக்குப் பஞ்சப்படி கிடையாது. இன்று நிர்ணயிக்கும் தொகையே எண்பது வயதிலும் வரும். மண்வெட்டி பிடிக்க முடியாத வயதில் மாதம் 600 ரூபாய் பெரிய தொகை.

பெண்ணின் கல்யாணத்துக்கு ஆகட்டும், மோட்டார் வாங்க ஆகட்டும் என்று ஐம்பதில் கேட்பது உசிதமல்ல. இது மொத்தமாக வரும் பணம் அல்ல. அத்தகைய செலவுக்கு வைப்பு நிதிப் பணம்தான் உதவும்.

58-க்குப் பிறகும் பொறுக்கலாமா?

அறுபது வயது வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவிகிதம் கூடும். மேலே சொன்னவருக்கு 2,000 ரூபாய் சுமார் 2,160 ஆகும். ஆனால் இரண்டு ஆண்டில் 48,000 ரூபாயை விட்டுக்கொடுக்க வேண்டும். மாதம் 160 ரூபாய் வீதம் அதை மீட்க 25 ஆண்டு ஆகும். அப்போது வயது 85. வேலையை விட்டு வயலோடு இருப்பவர்களுக்கு இது லாபமில்லை. 58 முடிந்தவுடன் விண்ணப்பிப்பதே சரி.

மனைவிக்கு என்ன கிடைக்கும்?

ஓய்வூதியம் பெறுபவர் காலமானால் மனைவிக்கு அதில் பாதி கிடைக்கும். 2014 செப்டம்பர் முதல் குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. கணவர் முந்திக் கேட்டுக் குறைந்த தொகை பெற்றிருந்தால், அந்தக் குறைந்த தொகையில்தான் பாதி. 2,000 ரூபாய் அளவில் இருப்பவர்களுக்கு இதனால் வேறுபாடு இல்லை. ஓய்வூதியம் 3,000, 4,000 என்று வரக்கூடியவர்கள் முடிவெடுக்கும் முன் மனைவியின் வயதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருவருக்கும் தனித்தனியே ஒரு பங்கு உண்டு.

விண்ணப்பிக்கும் முறை

மாத ஓய்வூதியத்துக்கு உரியது 10-டி படிவம். கடைசியாக வேலை பார்த்த ஆலை வழியாகவோ இணையம் வழியாகவோ கொடுக்கலாம். ஆலை மூடப்பட்டிருந்தால் வங்கி மேலாளர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடம் சான்றொப்பம் பெற்றுக் கொடுக்கலாம். ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், கணவன் மனைவி சேர்ந்து எடுத்த புகைப்படம், பிள்ளைகளின் பிறந்த தேதி விவரம், திட்டச் சான்றிதழ் இருந்தால் அது ஆகியவை தேவை.

ஆதாரில் ஒரு பெயரும் வைப்பு நிதிக் கணக்கில் வேறு பெயரும் இருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். தலைப்பெழுத்து மாறியிருப்பது, பிறந்த ஆண்டு தவறாக இருப்பது போன்றவற்றை 58 வயதுக்கு ஓரிரு ஆண்டு முன்பே திருத்திக்கொள்ள வேண்டும். ஆலை நடந்துகொண்டிருக்கும்போதே இதைச் செய்வது சுலபம். பழைய சம்பளச் சீட்டுகளையும் வைப்பு நிதிக் கணக்கு எண்களையும் பத்திரப்படுத்த வேண்டும்.

2025 ஜனவரி முதல் எந்த வங்கியின் எந்தக் கிளையிலும் இந்த ஓய்வூதியத்தைப் பெறலாம். ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்கத் தவறினால் பணம் நின்றுவிடும்.

மற்ற உதவிகள்

ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் விவசாயி நிதி, ஓய்வூதியம் வந்தால் நின்றுவிடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். மாத ஓய்வூதியம் 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அந்த விலக்கு. இரண்டாயிரம், மூவாயிரம் பெறுவோர் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

ஆலைப் பக்கமே போகாமல் விவசாயம் மட்டும் செய்யும் 18 முதல் 40 வயதுள்ள பிள்ளைகளுக்கு, 2019 செப்டம்பரில் தொடங்கிய விவசாயிகள் ஓய்வூதியத் திட்டம் உண்டு. நிலம் 2 ஹெக்டேருக்கு மேற்படக் கூடாது. சேரும் வயதைப் பொறுத்து மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்டினால் 60 வயதில் மாதம் 3,000 ரூபாய். வைப்பு நிதிப் பிடித்தம் உள்ளவர்கள் இதில் சேர முடியாது. எந்த ஆதரவும் இல்லாத முதியோருக்கு மாநில அரசு தரும் முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதற்குத் தாலுகா அலுவலகத்தை அணுக வேண்டும்.

பத்து ஆண்டு முடியும் முன் கணக்கை முடிக்காமல் இருப்பது முதல் வேலை. முடித்தவர்கள் தேவை நெருக்கினால் ஒழிய 58 வரை பொறுப்பது இரண்டாவது. 58 ஆனதும் தாமதிக்காமல் விண்ணப்பிப்பது மூன்றாவது. இந்த மூன்றையும் கடைப்பிடித்தால், மழை பொய்த்த ஆண்டிலும் வீட்டில் உலை கொதிக்க ஒரு வழி இருக்கும்.