எத்தனை கேமரா, எத்தனை மணி நேரம்?

கல்யாண வேலைகள் - 9

மண்டபம் பிடித்தாயிற்று. சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்து, போன வாரம் பந்திக் கணக்கையும் முடித்துவிட்டோம். இனி போட்டோகிராபர். ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்ததும் ஒரு தாளை நீட்டுவார்கள். ட்ரெடிஷனல் போட்டோ, ட்ரெடிஷனல் வீடியோ, கேண்டிட், சினிமாட்டிக், ட்ரோன், எல்.இ.டி. திரை, அவுட்டோர் ஷூட், நாற்பது ஷீட் ஆல்பம் என்று வரிசை நீளும். எதைக் கழித்தால் எவ்வளவு குறையும் என்று பேரம் பேசி எழுந்து வருகிறோம். அந்தத் தாளைக் கையில் வாங்கும் முன்பே நம் வீட்டில் வேறொரு தாள் எழுதி முடித்திருக்க வேண்டும்.

அதில் இருக்க வேண்டியவை இரண்டுதான்: எந்த நேரத்தில் என்ன நடக்கிறது, யார் யார் படத்தில் இருந்தே ஆக வேண்டும்.

முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை 6 முதல் 7.30 வரை முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். ரிசப்ஷனில் 600 பேர் மேடையேறுகிறார்கள். நாலு நாலு பேராக ஏறினால் 150 குழு. கவர் கொடுத்து, கைகுலுக்கி, நின்று படமெடுத்து இறங்க ஒரு குழுவுக்கு முக்கால் நிமிடம். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஒரே கோணம், ஒரே நிற்கை. இதற்கு ஒரு போட்டோ, ஒரு வீடியோ தாராளம். நாலு கேமரா நின்றால், ஒவ்வொருவரும் “இங்க பாருங்க” என்று சொல்லி வரிசையைத் தாமதப்படுத்துவதுதான் மிச்சம். கைக்குழந்தையோடு வந்தவர்கள் பந்திக்குப் போக முடியாமல் நிற்கிறார்கள்.

குறைக்கக் கூடாத இடம் முகூர்த்தம். ஐயர் தாலித் தட்டைச் சபைக்கு அனுப்பி ஆசி வாங்கி வந்து, மாப்பிள்ளை கையில் எடுத்துக் கொடுக்கிறார். மேளக்காரரைப் பார்த்து விரலை அசைக்கிறார். கெட்டிமேளம் உச்சத்துக்குப் போகிறது. மாப்பிள்ளை குனிந்து முடிச்சுப் போட, பின்னால் நிற்கும் நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போடுகிறார். அதே கணத்தில் அட்சதை வீச ஐம்பது கைகள் உயர்கின்றன. எல்லாம் அரை நிமிடம்கூட இல்லை. முன்னால் நிற்கும் போட்டோகிராபருக்குத் தாலியும் கைகளும் கிடைக்கும். அந்த நேரத்தில் பெண்ணின் அப்பா முகம் எப்படி இருந்தது, அம்மா எங்கே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்பது அவருக்குக் கிடைக்காது. அவர் திரும்பினால் தாலி போய்விடும். ஆகவே போட்டோவுக்கே இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் மேடையில், இன்னொருவர் பக்கவாட்டில் நீள லென்ஸுடன் கீழே. வீடியோவுக்கு ஒருவர். மூவர் போதும். அதற்கு மேல் மேடையில் ஆள் ஏறினால், விடியற்காலையில் எழுந்து குளித்து வந்து முன் வரிசையில் உட்கார்ந்த பெரியவர்கள் கேமராக்காரர்களின் முதுகைத்தான் பார்க்க வேண்டும். தாலி கட்டுவதைப் பார்க்கத்தானே அவர்களை அழைத்தோம்?

எல்லாக் கல்யாணத்துக்கும் இதே கணக்கு ஒத்துவராது. இந்து திருமணச் சட்டத்தில் 1967-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம் சேர்த்த 7ஏ பிரிவின்படி நடக்கும் சுயமரியாதைத் திருமணத்தில் மாலை மாற்றுவது சில நிமிடம், மற்றதெல்லாம் வாழ்த்துரை. அங்கே கேமராவைக் கூட்டுவதைவிடப் பேச்சைத் தெளிவாகப் பதிவு செய்யும் மைக் ஏற்பாடு முக்கியம். ஒலி கெட்ட வாழ்த்துரையை யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள்.

இப்போது ஆட்கள். அண்மையில் ஒரு வீட்டில் ஆல்பம் காட்டினார்கள். பெண்ணின் ஜடை அலங்காரத்துக்கு மட்டும் ஆறு படம். வளர்த்த பாட்டி ஒரே ஒரு படத்தில், பாதி முகம் பூமாலைக்குப் பின்னால். எடுத்தவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அந்தப் பாட்டி யாரென்றே தெரியாது. தாத்தா பாட்டி, தாய்மாமன், அத்தை, ஊரிலிருந்து முடியாமல் வந்த பெரியப்பா என்று பதினைந்து இருபது பேரை எழுதி, இரு வீட்டையும் அறிந்த ஒரு தம்பியையோ தங்கையையோ போட்டோகிராபரோடு நிற்க வையுங்கள். இதற்குச் செலவே இல்லை.

ட்ரோனை நான் முதலில் அடித்துவிடுவேன். நாலு சுவர் மண்டபத்துக்குள் நடக்கும் கல்யாணத்தில் அது கூரையையும் கார் நிறுத்தத்தையும்தான் காட்டும். விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் 2021 ட்ரோன் விதிகளின்படி அனுமதியில்லாமல் பறக்கவிடவும் முடியாது. அந்தப் பணத்தில் பந்தக்கால் நடும் காலையிலோ, வீட்டில் நலங்கு வைக்கும் மாலையிலோ ஒருவரை இரண்டு மணி நேரம் வரச் சொல்லுங்கள். பெண் பிறந்து வளர்ந்த வீடு, அடுப்படி, திண்ணை, பக்கத்து வீட்டு அக்கா எல்லாம் அன்றைக்குத்தான் படத்தில் வருவார்கள். மண்டபத்தில் இவை எதுவும் இல்லை.

கேமராவும் மணி நேரமும் கூடினால் படமும் கூடும் என்பதையும் யோசியுங்கள். நாலாயிரம் படத்திலிருந்து முந்நூறைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் புது மாப்பிள்ளையும் பெண்ணும். வேலை, விருந்து, வீடு மாற்றம் என்று செலெக்‌ஷன் தள்ளிப்போய், முதல் குழந்தை பிறந்த பிறகும் ஆல்பம் வராத வீடுகள் நிறைய.

ஆடி, மார்கழி கழிந்ததும் ஆவணியிலும் தையிலும் ஒரே முகூர்த்த நாளில் ஒரு ஸ்டூடியோவுக்கு மூன்று நான்கு கல்யாணம் அமைந்துவிடும். நீங்கள் பார்த்த ஆல்பத்தை எடுத்தவரே உங்கள் வீட்டுக்கு வருவாரா என்று நேராகக் கேளுங்கள். கேமராவில் ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிவாகிறதா, நேரம் கூடினால் மணிக்கு எவ்வளவு, எல்லாப் படமும் ஹார்ட் டிஸ்கில் எந்தத் தேதிக்குள் கிடைக்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரையே முதல் உரிமையாளர் என்கிறது. ஆகவே, உங்கள் பெண்ணின் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்றோ, உரிமை ஸ்டூடியோவுக்கே என்றோ ரசீதில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். சம்மதமில்லை என்றால் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

வீட்டில் எழுதிய தாளின் ஒரு பிரதியை அந்த ரசீதோடு இணைத்து, வரப்போகிற போட்டோகிராபரின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அட்வான்ஸ் பணத்தை அதற்கப்புறம் எண்ணிக் கொடுங்கள்.