கணினிக்கு இடும் காலக் கட்டளை

பாடசாலையிலே மணி அடிப்பவர் வாராதொழியின் அதனை யாவரும் உடனே உணர்வோம். நள்ளிரவிற் கணினி தானாகச் செய்யவேண்டிய கருமம் தவறின் உணர்வார் எவருமிலர். மாணாக்கரின் புள்ளிப் பதிவுகளைப் பிரதிசெய்து வைத்தல் அத்தகைய கருமமாம். மூலம் அழிந்த அன்றே பிரதி இல்லாமை புலனாகும். ஆதலின் அக்கருமத்தை ஏவும் முறையினை அறிதல் நன்று.

யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் இவ்வேவலை நெடுங்காலம் ஆற்றி வந்தது ‘குரோன்’ என்னும் நிரலாகும். 1979 இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அஃது இடம்பெற்றது. நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை என்னும் ஐந்து குறிகளையும் கட்டளையையும் ஒரே வரியில் எழுதுவது அதன் முறை. ‘0 2 * * *’ எனின், நாடோறும் அதிகாலை 2 மணி என்பது பொருள். 2010 இல் லினக்ஸ் கணினிகளுக்கெனத் தோன்றிய ‘சிஸ்டம்டி’ இதனை இரண்டாகப் பகுத்தது. செய்வது யாது என்பது ‘சேர்விஸ்’ கோப்பிலும், எப்பொழுது என்பது ‘ரைமர்’ கோப்பிலும் எழுதப்படும்.

இம்மாற்றத்தால் விளையும் பயன் யாது? மாலையில் நிறுத்தப்படும் கணினி 2 மணிக்கு உறங்கிக் கிடக்கும். தவறிய வேளையைக் குரோன் திரும்பிப் பாராது. ரைமரிலே ‘பேர்சிஸ்ரன்ற்’ என்னும் குறிப்பை இட்டுவைப்பின், கணினி மீண்டும் இயங்கியதும் தவறிய வேலை ஒருமுறை நடைபெறும். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டினைக் கண்ட நமக்கு இதன் அருமை விளக்க வேண்டுவதன்று.

ஆயினும், வரிக்கு வரி பெயர்த்தெழுதுவோர் இடறும் இடம் ஒன்றுண்டு. 15 ஆந் திகதி, வெள்ளிக்கிழமை என இரண்டையும் குறித்தால், குரோன் அத்திகதியிலும் செய்யும். ஒவ்வொரு வெள்ளியிலும் செய்யும். ரைமரோ, 15 ஆந் திகதி வெள்ளியாய் அமைந்தால் மாத்திரமே செய்யும். வாரந்தோறும் நிகழ்ந்த வேலை ஆண்டில் ஒன்று முதல் மூன்று முறையாகச் சுருங்கிவிடும். பழைய பொருளைக் காக்க வேண்டின், ரைமரிலே திகதிக்கு ஒரு வரியும் கிழமைக்கு ஒரு வரியுமாக இரண்டு எழுதல் வேண்டும்.

கடிகாரமே மாறுதலும் நாம் கண்டதே. இலங்கை நேரம் 1996 மே 25 இல் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 26 இல் அரை மணி பின்னிடப்பட்டது. 2006 ஏப்ரல் 15 இல் மேலும் அரை மணி பின்னிட்டுப் பழைய நிலையை எய்தியது. விடுதலைப் புலிகளின் ஆளுகைப் பகுதிகளிலோ பழைய நேரமே வழங்கிற்று. ‘எந்த நேரம்?’ என்னும் வினாவின் கனம் நம்மவர் அறிந்தது. கணினி அந்நிய நாட்டில் இருப்பினும், கொழும்பு நேரம் என ரைமரிலேயே குறித்துவைத்தல் கூடும்.

மாற்றும்பொழுது, முதலிற் சேர்விஸைத் தனியே இயக்கிப் பார்த்தல் வேண்டும். பின்னர் ரைமரைத் தொடக்கிப் பழைய வரியின் முன்னே ‘#’ குறியிட்டு அதனை அடக்குதல் வேண்டும். அன்றேல் ஒரே வேலை இருமுறை நிகழும். அடுத்த நாள் வேலை முடிந்தமையைப் பதிவேட்டிற் கண்டு தெளிந்த பின்னரே பழைய வரியை நீக்குக.

சொல்லைப் பெயர்த்துக் கருத்தை இழப்பது மொழிபெயர்ப்பன்று. கணினிக் கட்டளைக்கும் அதுவே விதியெனக் கொள்க.