அறுபட்ட முழங்கால் மீண்டும் ஓடுமா?

இளமையில் பந்தாட்டத்திலோ கபடியிலோ முழங்காலில் அடிபட்டு, "இனி நமக்கு ஓட்டமில்லை" என்று ஒதுங்கிவிட்டவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. ஆண்டுகள் பல கழிந்தபின், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் அஞ்சி மீண்டும் ஓட விழைகின்றனர். ஓடலாமா? பலர் ஓடலாம், ஆனால் ஓட்டத்தைக் கொண்டே தொடங்கலாகாது.

முழங்காலின் உள்ளே இரு தசைநார்கள் சிலுவைபோல் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. இவற்றுள் முன்னது, கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் காக்கிறது. ஓடுகையில் சட்டெனத் திரும்பினாலோ, குதித்துத் தவறாக ஊன்றினாலோ இது அறுபடக்கூடும். சிலருக்கு அவர்தம் உடலிலிருந்தே நாண் எடுத்துப் புதிய நார் அமைப்பர். எனினும், அனைவருக்கும் அறுவை சிகிச்சை இன்றியமையாததன்று. சுவீடனில் 121 பேரிடம் நடத்தி 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. பயிற்சியை முதலில் மேற்கொண்ட பிரிவினரின் நிலை, உடனே அறுவை செய்துகொண்டோரினும் இரண்டாண்டு முடிவில் தாழ்ந்திருக்கவில்லை. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அக்காலத்தில் அறுவையை நாடவுமில்லை.

சிகிச்சை எதுவாயினும், நெடுநாள் குறையாய் நிற்பது பெரும்பாலும் தொடையின் முன்தசையே. வலிக்கு அஞ்சி மற்றக் காலிலேயே பாரத்தை ஊன்றுவதால் அது மெலிகிறது. ஓடும்போதோ, ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசையைக் கால் தாங்கவேண்டும். தசை மெலிந்திருந்தால் அச்சுமை மூட்டின்மேல் விழும்.

ஆகவே முதலில் மருத்துவரிடம் முழங்காலைக் காட்டுங்கள். பிறகு சில வாரங்கள் நாற்காலியில் அமர்ந்தெழுதல், படியேறி மெல்ல இறங்குதல் ஆகியவற்றால் தொடையை வலுப்படுத்துங்கள். வலியோ வீக்கமோ இன்றி அரைமணி நேரம் விரைந்து நடக்க இயலுமா? அடிபட்ட காலை மட்டும் ஊன்றித் தள்ளாடாமல் படியிறங்க இயலுமா? இயலுமாயின், ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என மாறிமாறித் தொடங்கலாம். ஒரு நாள் ஓடினால் மறுநாள் ஓய்வு தேவை. குண்டும் குழியுமான தரையைத் தவிர்ப்பது நலம்.

மறுநாட் காலையே உண்மையான தேர்வு. முழங்கால் வீங்கியிருந்தால் ஓட்டத்தைக் குறையுங்கள். வீக்கமின்றேல் சிறிது கூட்டுங்கள். முழங்கால் திடீரென மடங்கினாலோ, நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ நிறுத்திவிட்டு மருத்துவரை நாடுங்கள்.

வீட்டாருக்கும் ஒரு சொல்: "இந்த வயதில் ஓட்டம் எதற்கு?" என்று தடுக்காதீர்கள், "இன்னும் வேகமாக" என்று தூண்டவும் வேண்டா. பல ஆண்டு அச்சம் ஒரே வாரத்தில் அகலாது. காலுக்கு வலு ஏற ஏற, மனத்துக்கும் துணிவு பிறக்கும்.