கூரையிலும் காற்றிலும் கல்நார்

நெருப்பிலும் வேகாத நார் ஒன்று மண்ணுக்குள்ளே விளைகின்றது. அதுவே கல்நார், அஸ்பெஸ்டஸ் என நாம் வழங்குவது. அதன் நுண்டுகள்கள் மூச்சோடு உட்புகுந்து, சுவாசப்பையைப் போர்த்துள்ள மென்சவ்வைச் சென்றடைந்து, இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் புற்றுநோயாய் வெளிப்படுவதுண்டு. மீசோதீலியோமா என்பது அந்நோயின் பெயர்.

தென்னாபிரிக்காவின் கிம்பர்லி நகரிலே, காசநோய் வைத்தியசாலையொன்றிற் பணியாற்றிய டாக்டர் ஸ்லெக்ஸ், நோயாளர் சிலர் காசநோய் மருந்தினாற் குணமடையாமையைக் கண்டார். அவர்கள் நகருக்கு மேற்கேயுள்ள நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியினர். அவரும் டாக்டர் வாக்னர், டாக்டர் மார்ச்சண்ட் என்போரும் 1960இல் வெளியிட்ட கட்டுரை 33 நோயாளரை விவரித்தது. அவர்களுட் பலர் சுரங்கத்தொழிலாளரல்லர். சுரங்கத்தின் அயலிலே சிறுபராயத்தைக் கழித்தவர்கள்.

நோய் கண்டபின் செய்யத்தக்கது யாது? சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தை மாத்திரம் பெற்றவருட் பாதிப்பேர் ஒன்பது மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர். பெமெட்ரெக்செட் என்பதையும் சேர்த்தபோது அக்காலம் பன்னிரண்டு மாதமாயிற்று என 2003இல் அறியப்பட்டது. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இரு மருந்துகள் அதனைப் பதினெட்டு மாதமாக்கின என 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. வெட்டியெடுத்தாற் பிழைக்கலாம் என்பது பலரின் நம்பிக்கை. ஆனால் 2024இல் வெளியான பிரித்தானிய ஆய்விலே, மருந்துடன் சத்திரசிகிச்சையும் பெற்றோர் மருந்து மட்டும் பெற்றோரிலும் குறைந்த காலமே வாழ்ந்தனர்.

இவ்வெண்களைக் கேட்டு நோயாளியின் குடும்பத்தார் மனமுடைதல் இயல்பே. ஆயினும், பாதிப்பேர் அவ்வெல்லையைக் கடந்தும் வாழ்கின்றனர் என்பதே இவ்வெண்களின் பொருள். ஹார்வர்ட் பேராசிரியர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் இந்நோய் வயிற்றறையின் சவ்விலே கண்டது. அக்கால நூல்கள் கூறிய இடைக்காலம் எட்டு மாதமே. அவரோ இருபதாண்டுகள் வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால் மறைந்தார். அது எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. எனினும் சராசரிக் கணக்கு தனிமனிதரின் தலைவிதியாகாது.

நம் நாட்டில் எத்தனையோ வீடுகளின் கூரை அஸ்பெஸ்டஸ் தகடேயாகும். உடையாத தகட்டைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அதனை வாளால் அறுப்பதும், துளையிடுவதும், உடைத்து எறிவதுமே ஆபத்து. கழற்றும்போது நீர் தெளித்து நனைத்தல் வேண்டும், தூளை உலர்ந்த நிலையிற் கூட்டலாகாது, சிறுவரை அண்டவிடலாகாது. இவ்வேலையிற் காலங்கழித்தவர்கள், நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றின், அச்செய்தியை வைத்தியரிடம் மறவாது சொல்லுதல் வேண்டும். இன்று எழும் தூளின் பலனை நாற்பதாண்டின் பின் அனுபவிக்க வேண்டியவர்கள் நம் பிள்ளைகளே என்பதை நாம் மறத்தலாகாது.