காணி வியாபாரம் படிக்கக் காசு கட்டலாமா?

ராத்தாவின் மகன் கட்டாரில் எட்டு வருடம் உழைத்துவிட்டு ஊர் வந்திருக்கிறான். காணி வாங்கி விற்கும் நுணுக்கங்களை ஆறு மாதம் கூடவே இருந்து சொல்லித்தர ஒருவர் இருக்கிறாராம். கட்டணம் மூன்று இலட்சம். "மாமா, கட்டவா?" என்று கேட்டான். கையிலிருந்த சேமிப்பில் பாதி அது. ராத்தாவுக்குத் தூக்கமே இல்லை.

நான் அவனுக்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொன்னேன். டொனால்ட் ட்ரம்ப் 2005இல் தன் பெயரில் ஒரு 'பல்கலைக்கழகம்' தொடங்கினார். பட்டம் தருவதல்ல, காணி, வீட்டு வியாபார வகுப்புகள்தான். முதல் கூட்டம் இலவசம். பிறகு மூன்று நாள் பயிற்சிக்கு 1,495 டொலர். அங்கே உட்கார்ந்தவர்களிடம் தனி வழிகாட்டலுக்கென்று 35,000 டொலர் வரை கேட்டார்கள். ஆசிரியர்களை ட்ரம்பே தெரிவு செய்தார் என்றது விளம்பரம். அது உண்மையல்ல என்பது வழக்கில் வெளிவந்தது. கட்டணத்துக்காகக் கடனட்டையின் எல்லையைக் கூட்டிக்கொள்ளத் தூண்டினார்கள் என்றும் 2013இல் நியூயோர்க் மாநில சட்டமா அதிபர் குற்றஞ்சாட்டினார். வட்டிக்குக் கடன்பட்டுப் படிப்பு! 2016 நவம்பரில், தவறை ஏற்காமலே, 25 மில்லியன் டொலர் கொடுக்க இணங்கி வழக்குகள் முடிக்கப்பட்டன.

நம்மூரில் சொல்லித்தருபவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று நான் சொல்லவரவில்லை. அனுபவமுள்ளவர் ஒருவரோடு நாலு காணி பார்க்கப் போனாலே நிறையப் படிக்கலாம். ஆனால் அவருடைய வருமானம் காணியிலிருந்து வருகிறதா, மாணவர்களின் கட்டணத்திலிருந்து வருகிறதா? "அவர் வாங்கி விற்ற ஒரு காணியின் உறுதியையாவது காட்டினாரா?" என்று கேட்டேன். கார் படங்களைத்தான் பார்த்திருக்கிறான்.

காணியில் கைசுட்டுக்கொண்ட என் சொந்தக்காரர்கள் யாருக்கும் நுணுக்கம் குறைவில்லை. உறுதியைச் சரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவுகளையாவது தேடிப்பார்க்க நொத்தாரிஸ் வேண்டும். எல்லைகளுக்கு உரிமம் பெற்ற நில அளவையாளர் வேண்டும். வீதிக்கோட்டுச் சான்றிதழைப் பிரதேச சபையில் எடுக்கலாம். ஒரு உண்மையான காணிக்கு இவ்வளவையும் செய்து பார்த்தால் அதுவே ஒரு வகுப்பு.

மருமகன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் போனான். இரண்டு கிழமை கழித்து 12 பேர்ச் காணியொன்றின் உறுதிப் பிரதியோடு வந்தான். நொத்தாரிஸிடம் கூட்டிப்போனேன். விற்கவந்தவரின் வாப்பா மௌத்தானபின் நான்கு பிள்ளைகளின் பங்கும் பிரிக்கப்படவே இல்லை; இவர் தனியாக முழுக் காணியையும் விலை பேசியிருக்கிறார். அதைக் கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது.