மொய் நோட்டில் ஏறும் லிங்க்குகள்

ஆறு உண்டு, தண்ணீர் இல்லை. கோட்டை உண்டு, ராஜா இல்லை. கோயில் உண்டு, சாமி இல்லை. மலை உண்டு, மரம் இல்லை. வேலூரைப் பற்றி இப்படி ஒரு பழைய கேலிப் பேச்சு உண்டு. சாமிக் குறை 1981-ல் தீர்ந்தது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு வந்து சேர்ந்தது. 2021 நவம்பரில் பாலாறும் இரு கரை தொட்டு ஓடி வாயை அடைத்தது. மலைதான் இன்னும் மொட்டையாக நிற்கிறது.

மலையின் கதை அப்படி. கீழே ஊருக்குள் மரத்தை வைத்துப் பிழைக்கும் தொழில்கள் இரண்டு. மின்கம்பியில் உரசும் வேப்பங்கிளையைக் கழிப்பது, பட்டுப்போன தென்னையைத் துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்குவது ஒரு தொழில். ஷூ கம்பெனி வாசலில் புல்தரை விரிப்பது, டேனரி மதிலோரம் கன்று நடுவது, ஏலகிரி விடுதிக்குத் தோட்டம் போடுவது இன்னொன்று. செயின் சா பிடிப்பவர் புல் நடமாட்டார். நர்சரிக்காரர் தென்னை ஏறமாட்டார். அதனால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிடுவது நெடுநாள் பழக்கம். இருவருக்கும் இணையதளம் வந்த பிறகு கைகாட்டலும் அங்கே குடியேறிவிட்டது. அதன் பெயர் லிங்க் பரிமாற்றம்.

இணையதளம் தொடங்கிய சில வாரங்களில் முன்பின் தெரியாத யாரோ மின்னஞ்சல் அனுப்புவார்கள். ‘உங்கள் தளம் அருமை. எங்கள் தளத்தில் உங்களுக்கு லிங்க் வைக்கிறோம், நீங்களும் எங்களுக்கு வையுங்கள்.’ இதைப் புரிந்துகொள்ளத் தமிழனுக்குத் தொழில்நுட்பம் தெரிய வேண்டியதில்லை. மொய் தெரிந்தால் போதும். நம் வீட்டு விசேஷத்துக்கு அவர் ஐந்நூறு எழுதினால், அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் ஐந்நூறு எழுத வேண்டும். அன்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நோட்டில் கணக்கு இருக்கும்.

கூகுள் லிங்க்கை மொய்யாகப் பார்க்க விரும்பவில்லை, ஓட்டாகப் பார்க்க விரும்பியது. சிக்கல் தொடங்குவது இங்கேதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ‘பேஜ்ரேங்க்’ என்ற கணக்கை விளக்கினார்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் லிங்க் தருகின்றன, தருகிற பக்கங்களுக்கே எவ்வளவு மதிப்பு என்று கூட்டிப் பார்த்து வரிசை போடுவதே அதன் சாரம். ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பரிந்துரைத்தால் அதற்குக் கனம் அதிகம் என்பது போன்ற கணக்கு. ஓட்டுக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்ததும் ஓட்டு வாங்கவும் விற்கவும் ஆள் வந்துவிட்டது. நம் ஊருக்கு இது ஒன்றும் புதிதில்லை.

பணம் வாங்கிக்கொண்டு வைத்த லிங்க் விற்கப்பட்ட ஓட்டு, பரிமாறிக்கொண்டது மொய். இரண்டையும் கழித்துவிட்டு எண்ணத்தான் கூகுள் அன்றிலிருந்து பாடுபடுகிறது. கணக்கில் சேர்க்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் ‘நோஃபாலோ’ குறி 2005-ல் வந்தது. கூலிக்கு வைத்த லிங்க் என்று ஒப்புக்கொள்ளும் ‘ஸ்பான்சர்டு’ குறி 2019-ல் வந்தது. இடையில் 2012 ஏப்ரலில் தேடல் கணக்கில் ‘பெங்குவின்’ என்ற திருத்தம் வந்தது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதத்தில் அதன் பாதிப்பு தெரியும் என்று கூகுளே சொன்னது. இரண்டு பேர் நேராக மாற்றிக்கொண்டால் மாட்டிக்கொள்வோம் என்று மூன்றாம் ஆளைச் சேர்ப்பதும் உண்டு: அ இ-க்கு, இ உ-வுக்கு, உ அ-வுக்கு. அண்ணன் வீட்டில் வைத்த மொய்யைத் தம்பி வீட்டில் வசூலிக்கிற அதே தந்திரம்.

செடி, பூ உலகிலேயே இதற்குப் பெயர்போன சம்பவம் ஒன்று உண்டு. 2013 பிப்ரவரியில் பிரிட்டனின் பெரிய பூ விற்பனை நிறுவனமான இன்டர்ஃப்ளோரா கூகுள் தேடலில் காணாமல் போனது. அதன் சொந்தப் பெயரைத் தட்டினால்கூடத் தளம் வரவில்லை. அந்த நாட்டில் அந்த ஆண்டு அன்னையர் தினம் மார்ச் 10. பூ வியாபாரத்துக்கு அதைவிடப் பெரிய நாள் அபூர்வம். வட்டாரப் பத்திரிகைகளின் இணையப் பக்கங்களில் காசு கொடுத்துப் போட்ட விளம்பரக் கட்டுரைகளும் அவற்றில் இருந்த லிங்க்குகளும்தான் காரணம் என்று துறையினர் பேசிக்கொண்டார்கள். கூகுள் பெயர் எதையும் சொல்லவில்லை. ஆனால் அதன் ஸ்பாம் தடுப்புக் குழுவின் தலைவர் மேட் கட்ஸ், விளம்பரக் கட்டுரை லிங்க்குகள் விதிமீறல் என்று அதே நாட்களில் நினைவூட்டினார். மார்ச் முதல் வாரத்தில், அன்னையர் தினத்துக்குச் சில நாட்களே இருக்கையில், தளம் தேடலுக்குத் திரும்பியது.

இதில் ஒரு வேடிக்கை. இன்டர்ஃப்ளோராவின் வேரே பரிமாற்றம்தான். 1910-ல் அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் ஒன்றுகூடி, தூரத்து ஊர் ஆர்டரைத் தந்தியில் அந்த ஊர்க் கடைக்கு அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். அதன் கிளையாகத்தான் பிரிட்டனில் இந்த அமைப்பு வளர்ந்தது. அந்தப் பரிமாற்றத்தில் வாடிக்கையாளர் கையில் பூ போய்ச் சேர்ந்தது.

அப்படியானால் மரம் வெட்டுபவரும் தோட்டம் போடுபவரும் ஒருவருக்கொருவர் லிங்க் வைக்கவே கூடாதா? கூகுளின் விதி தடுப்பது அளவு மீறிய பரிமாற்றத்தையும், லிங்க் மாற்றிக்கொள்வதற்கென்றே கட்டிய ‘பார்ட்னர்’ பக்கங்களையும். சத்துவாச்சாரியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கழிவுநீர்த் தொட்டியை உடைத்த பழைய மரத்தை எடுத்தாயிற்று. அடிக்கட்டையும் வேரும் மிச்சம். குழியை மூடச் செம்மண் வேண்டும், அங்கே சுவரை உடைக்காத வேறு கன்று வேண்டும். ‘மரம் எடுத்தபின் அந்த இடத்தை என்ன செய்வது’ என்று வெட்டுபவர் தன் தளத்தில் நாலு பத்தி எழுதி, கடைசியில் தெரிந்த நர்சரிக்காரரின் பக்கத்தைக் காட்டினால் அது யாருக்கும் உறுத்தாது. படிக்கிறவருக்கு அடுத்து வேண்டியது அதுதான். அதே தளத்தின் அடியில் ஜெய்ப்பூர் பேக்கர்ஸ், லண்டன் பல் மருத்துவர், ஏதோ ஒரு லோன் கம்பெனி என்று நாற்பது லிங்க் வரிசையாகத் தொங்கினால் மொய் நோட்டு விரித்துக் கிடக்கிறது என்று பொருள்.

கேட்காமலே லிங்க் வரவழைக்கும் சரக்கு வேலூரைச் சுற்றியுள்ள தோல் பதனிடும் வட்டாரத்தில் நிறைய இருக்கிறது. அதை யாரும் எழுதுவதில்லை என்பதுதான் ஆச்சரியம். டேனரிக் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பளித்தது. டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னதை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. உப்பேறிய கிணற்று நீரில் புல்தரை போட்டவருக்குத் தெரியும்: முதல் மாதம் பச்சை, பிறகு நுனி கருகும், அப்புறம் திட்டுத்திட்டாக வெளுக்கும். அந்த மண்ணில் எது நிற்கும்? புங்கன், வேம்பு, கொடுக்காப்புளி, சவுக்கு ஓரளவு உப்பைத் தாங்கும். எந்தத் தண்ணீரில் எது பிழைத்தது, எது செத்தது என்று மூன்று வருடப் படங்களோடு ஆம்பூர்த் தோட்டக்காரர் ஒருவர் பதிந்து வைத்தால், பசுமை வளையம் வைக்க வேண்டிய தொழிற்சாலை அந்தப் பக்கத்தைத் தேடி வரும். கல்லூரித் தாவரவியல் துறை அதைச் சுட்டும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்டுப் பெற்றதையும் சேர்த்து எழுதினால் இன்னும் கனம். மரமும் தோலும் உறவுக்காரர்கள் என்பதை இந்த ஊருக்குச் சொல்லித் தர வேண்டாம். குரோமியம் வருமுன் இங்கே தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘பக்கத்தில் மரம் வெட்டுபவர்’ என்று கைபேசியில் தேடுபவர் முதலில் பார்ப்பது வரைபடத்தை. அந்த வரிசைக்குக் கூகுள் சொல்லும் அளவுகோல்கள் மூன்று: தேடியதற்குப் பொருத்தம், தூரம், பிரபலம். லிங்க் மூன்றாவதில் ஒரு பங்கு மட்டுமே. வாடிக்கையாளர் எழுதும் விமர்சனங்களுக்கும் அதில் இடம் உண்டு. நாற்பது மொய் லிங்க்கைத் தேடி அலைவதைவிட, வேலை முடித்த பத்து வீட்டில் இரண்டு வரி எழுதச் சொல்வது லாபம்.

அதற்கும் முன்னால் முகவரியைப் பாருங்கள். வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, திருப்பத்தூர் மாவட்டம் 2019 நவம்பர் 28-ல் செயல்பாட்டுக்கு வந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் அதில்தான் இருக்கின்றன. ஆம்பூரின் அஞ்சல் குறியீடு 635802 மாறவில்லை, மாவட்டம் மாறிவிட்டது. உங்கள் தளத்தில் ஒரு மாவட்டமும் வரைபடத்தில் இன்னொன்றும் இருந்தால் இன்றைக்கே திருத்திவிடுங்கள். அதற்கு யாரிடமும் லிங்க் கேட்க வேண்டியதில்லை.