பதிவாகாத கிதார்

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 2006 முதல் 2014 வரை கோடிக்கணக்கில் செல்போன்கள் தயாராயின. அந்தப் போனுக்கே அடையாளமாகிப்போன மணியோசை ஸ்பெயின் நாட்டுக் கிதார் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரேகாவின் மெட்டிலிருந்து எடுத்தது. இதை ஒரகடத்தில் ஒரு கூட்டம் முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது சொன்னேன். அந்த ஆலையில் வேலை பார்த்த பெண் தோழர் கேட்டார்: "நம்மூர்ல யாரும் அப்படி வாசிக்கலையா தோழர்?"

வாசித்தார்கள். நான் சொன்ன பெயர் சுரேஷ் ஷோத்தம். அவருக்கு மட்டுமில்லை, அங்கிருந்த யாருக்குமே தெரியவில்லை.

1970களில் பெங்களூரை மையமாகக் கொண்டு இயங்கிய 'ஹ்யூமன் பாண்டேஜ்' ராக் குழுவின் கிதார்க்காரர் சுரேஷ். டிரம்ஸ் வாசித்தவர் அவருடைய சகோதரர், 1948இல் சென்னையில் பிறந்த ரமேஷ். அன்று கேட்டவர்கள் இன்றும் சிலாகிக்கிறார்கள். ஆனால் குழு ஓர் ஆல்பம்கூட வெளியிடவில்லை. ரமேஷ் பின்னாளில் தவில் கற்று ஜெர்மனி போய், ஐரோப்பிய ஜாஸ் இசைத்தட்டுகளில் பதிவானார். கிதார் பதிவாகவில்லை.

இதில் சைக்கடெலிக் இசையின் தன்மையையும் பார்க்க வேண்டும். கீர்த்தனையைச் சுரப்படுத்தி எழுதி வைக்கலாம், சிஷ்யனுக்குச் சொல்லித் தரலாம். சைக்கடெலிக் கிதாரில் சுரம் பாதிதான். ஆம்ப்ளிஃபயர் முன் கிதாரைப் பிடித்தால் எழும் ஊளை, வேண்டுமென்றே சிதைத்த ஒலி, எதிரொலி எல்லாம் சேர்ந்ததுதான் அந்த இசை. சுவிட்சை அணைத்தால் போச்சு. டேப் ஒன்றே அதன் ஞாபகம். டேப்புக்குக் காசு வேண்டும்.

காசு போட்டவர் யார்? 1970, 71இல் 'சிம்லா பீட்' போட்டியை நடத்தி, பங்கேற்ற குழுக்களின் இசைத்தட்டுகளைக் கொண்டுவந்தது ஒரு சிகரெட் கம்பெனி. அன்றைய இந்திய ராக்கைக் கேட்க விரும்புகிறவர் இன்றும் முதலில் தேடுவது அந்த விளம்பரத் தட்டுகளைத்தான். 1972இல் லெட் செப்பலினின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் பம்பாய் வந்து நம் சினிமா வாத்தியக்காரர்களோடு பதிவு செய்தார்கள். அது பத்திரமாக இருந்து 2015இல் வெளிவந்தது. சுரேஷைக் கேட்காமல் விட்டதை ரசனைக் குறை என்பது அரைகுறைப் பேச்சு. எது ஆவணமாகும் என்பதை மூலதனம் முன்பே முடிவு செய்துவிட்டது. (தாரேகாவை மட்டும் எத்தனை பேருக்குத் தெரியும்? மெட்டு கம்பெனியின் வணிக முத்திரையாகிவிட்டது.)

அந்தத் தோழர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நைட் ஷிப்டுக்குப் போறப்ப கம்பெனி பஸ்ல நாங்களே பாட்டுக் கட்டிப் பாடுவோம். சூப்பர்வைசரக் கிண்டல் பண்ணி" என்றார்.

பாடச் சொன்னேன். ரெண்டு அடிதான் ஞாபகம் இருந்தது.